முதல் பகிர்வு

மனிதன் எதைத் திறந்து பார்க்காமல் விடமாட்டான் என்று கண்டுபிடிக்கப் பெரிய பெரிய கம்பெனிகள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், மதுரை சிம்மக்கல்லில் ஃப்ளெக்ஸ் போர்டு அடித்துக்கொண்டிருந்த காசிமாயனுக்கு விடை முன்பே தெரிந்திருந்தது. சாவுச் செய்தி. தள்ளுபடி என்றால் கொஞ்சம் பேர் பார்ப்பார்கள், சினிமா என்றால் இன்னும் கொஞ்சம் பேர். 'கண்ணீர் அஞ்சலி' என்று மேலே போட்டுக் கீழே ஒரு முகத்தை வைத்தால், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன்கூட நின்று, யார் என்று பார்த்துவிட்டுத்தான் ஓடுவான்.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து வைக்கவில்லை என்று வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கிறவர்கள், கேதத்துக்கு மட்டும் அழைப்பை எதிர்பார்ப்பதில்லை. காதில் விழுந்தால் கிளம்பிவிடுவார்கள். காதில் விழுந்தும் போகாதவனுக்குத் தெருவில் மரியாதை கிடையாது. ஆகவே யார் செத்தார் என்று தெரிந்துகொள்வது இங்கே பொழுதுபோக்கு அல்ல, கடமை. அந்தக் கடமையைக் காசாக்கலாம் என்று காசிமாயனுக்குத் தோன்றிய அன்றைக்கு 'வானேகினார்' என்ற இணையதளம் பிறந்தது.

செத்தவருக்கு ஒரு பக்கம். படம், வீட்டுக்கு வழி, எடுக்கும் நேரம். கீழே மாலைக்கடை, ஐஸ் பெட்டி, பந்தல், காரியத்துச் சமையல், ஆயுள் காப்பீடு என்று வரிசையாக விளம்பரங்கள். ஆனால் காலையில் எழுந்து பல் விளக்கியதும் சாவுத் தளத்தைத் தேடிப் போகிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை. ஆட்களை இழுத்துக்கொண்டுதான் வரவேண்டும். இழுப்பதற்கு 'ஊர்வாய்' இருந்தது.

ஊர்வாய் என்பது எல்லோர் போனிலும் இருந்த பகிர்வு ஆப். தெருவுக்கு ஒரு குழு, பள்ளிக்கூட செட்டுக்கு ஒரு குழு, சங்கத்துக்கு ஒன்று, பஸ் டிப்போவுக்கு ஒன்று. அதில் ஒரு செய்தியைப் பகிர்ந்தால் அது எழுத்தாகப் போகாது, பகிர்ந்தவரின் குரலில் போகும். நீங்கள் பேசவேண்டிய அவசியம்கூட இல்லை. உங்கள் குரலை ஆப் ஏற்கெனவே கற்று வைத்திருக்கும். பொத்தானைத் தொட்டால் போதும், சந்தோஷச் செய்தியைச் சிரித்துக்கொண்டும் துக்கச் செய்தியைத் தொண்டை அடைத்தும் அதுவே சொல்லிவிடும். ஜனங்கள் முதலில் ஆச்சரியப்பட்டார்கள், பிறகு பழகிப்போனார்கள், பிறகு அப்படி ஒன்று நடக்கிறது என்பதையே மறந்துபோனார்கள். எல்லா அக்கிரமமும் இந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது.

வானேகினார் தளத்தில் அரசிக்கு வருகைப் பிரிவின் தலைமைப் பொறுப்பு. ஊர்வாயில் பகிரவைத்து, ஊரைத் தளத்துக்குள் கூட்டிவருவது அவள் வேலை. கல்யாணம் ஒத்துவராமல் செல்லூருக்கே திரும்பி வந்து அப்பாவுடன் இருந்தாள். தம்பி ஓசூரில் கம்பெனி வேலை. அவன் பெயர் ராசா. டவுன் பஸ் கண்டக்டராக இருந்த அப்பா தவசிக்குப் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதில் மட்டும் கஞ்சத்தனம் கிடையாது.

அரசி வேலையில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியதற்குப் பாதிக் காரணம் இந்தத் தவசிதான். மதுரையில் அவர் போகாத கேதம் கிடையாது. ஓய்வு பெறும்வரை டிக்கெட் கிழித்த கையோடு போனார், ஓய்வு பெற்றபின் முழுநேரமாகவே போனார். முதல் ஆளாகப் போய் நாற்காலி எடுத்துப் போடுவார், கடைசியில் தோள் கொடுத்துத் தத்தனேரி மயானம்வரை தூக்கிக்கொண்டு போவார். அதனால் தவசி ஒரு சாவைப் பகிர்ந்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை. கிடைத்த லிங்கை அரசி முதலில் அப்பாவுக்குத்தான் அனுப்புவாள். அவர் தொட்ட சற்று நேரத்தில் ஊரே தளத்தில் நிற்கும்.

“உன் கம்பெனிக்கு நான் ஓசி கண்டக்டர்,” என்பார் தவசி. “எல்லாரையும் ஏத்தி விடுறேன்ல.”

“உங்களுக்கு என்னதாம்ப்பா அப்படி ஒரு ஆசை, செத்த வீடு செத்த வீடாப் போறதுல?”

“ஆசையா? அட கூறுகெட்டவளே. நாம போனாத்தான் நமக்கு வருவாங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டு, ஏதோ புடவை நிறம் சொல்வதுபோலச் சொன்னார். “பாப்பா, ஆயுசு பூரா வண்டியிலயே போயாச்சு. கடைசிக்கு என்னைய வண்டியில ஏத்திராதீங்க. இங்க இருந்து தத்தனேரி என்ன தூரம்? தோள்ல போகணும். ஆள் மாத்தி ஆள் மாத்தித் தூக்குவாங்க பாரு, செல்லூரே திரண்டு வரும்.”

அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். வீடு வேண்டும், வாசல் வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இதற்கிடையில் கம்பெனியில் 'முந்தி' என்ற புரோகிராம் வந்தது. ஊர்வாயில் ஒரு சாவுக்கு எந்த லிங்க் முதலில் பகிரப்படுகிறதோ அதுதான் ஊர் முழுக்கச் சுற்றும். இரண்டாவதாக வருகிறவனைச் சீந்த ஆளில்லை. ஒரு ஜவுளிக்கடை முதலாளி செத்த அன்று போட்டித் தளம் முந்திக்கொண்டது. காசிமாயன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

“இனிமே எந்தக் கேதமா இருந்தாலும் முதல் பகிர்வு நம்மளோடதா இருக்கணும்ணே,” என்றாள் அரசி. “அதுக்கு ஒரு வழி பண்ணுங்க.”

வழி காசிமாயனிடமே இருந்தது. ஃப்ளெக்ஸ் கடைக் காலத்தில் அப்பாவோ மாமனாரோ ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடக்கும்போதே ஆட்கள் படத்தோடு வருவார்கள். 'எதுக்கும் ஒரு டிசைன் போட்டு வைங்கண்ணே' என்பார்கள். கடைசி நேரத்தில் நல்ல படம் கிடைக்காது, எழுத்துப்பிழை வந்துவிடும், அதனால். காசிமாயனும் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, இரண்டு புறாவை வைத்து, தேதியை மட்டும் காலியாக விட்டு எடுத்து வைப்பார். அதையே ஊர் முழுக்கச் செய்தால் என்ன என்று கேட்டார். நிஸார் என்ற பையன், கம்பெனியின் ஒரே கம்ப்யூட்டர் மூளை, செய்துகொடுத்தான்.

“ஐஸ் பெட்டி யாராச்சும் கேட்டாங்களா, பூக்கடையில ரோசாமாலை சொன்னாங்களா, வெளியூர்ல இருக்குற புள்ளைங்க திடீர்னு டிக்கெட் போட்டாங்களா, இதெல்லாம் முந்தி பார்த்துக்கிட்டே இருக்கும்க்கா,” என்று அரசிக்கு விளக்கினான் நிஸார். “எல்லாம் கூடி வந்தா பக்கத்தை வெளியிட்டுரும். நெருங்குன சொந்தம் யாரோ அவங்க குரல்லயே எல்லாருக்கும் அனுப்பிரும்.”

“அவங்க சம்மதம்?”

“ஊர்வாய்ல சேரும்போது டிக் அடிச்சிருப்பாங்களேக்கா. யாரு படிச்சா?”

முதலில் முந்தி நியாயமாகத்தான் நடந்துகொண்டது. ஆனால் அதற்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று, முந்து என்பது. அடையாளங்களுக்கும் முந்தைய அடையாளங்களை அது தேட ஆரம்பித்தது. ஒரு வீட்டில் டாக்டர் வந்து சொல்வதற்குள் அதே வீட்டு மருமகளின் அழுகை ஊர்வாயில் போய்விட்டது. அந்தப் பெண் போன் செய்து, “எங்க மாமா அப்ப உசுரோடதாங்க இருந்தாரு,” என்றாள். காசிமாயன் பெரிய மாலையாக வாங்கிக்கொண்டு நேரில் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வந்தார். எப்படியும் செத்துத்தானே போனார், இதில் என்ன தப்பு என்று அவர் நிஜமாகவே நம்பினார். அரசி அந்த மாத வருகையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் தவசிக்கு நெஞ்சுச் சளி கட்டி மூச்சு முட்டியது. அரசி அவரைத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். பயப்பட ஒன்றுமில்லை, இரண்டொரு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். போனை அணைத்துவிட்டு நன்றாகத் தூங்கினார் தவசி. அரசி லீவு சொன்னாள். தம்பிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள், அவன் எதற்கும் இருக்கட்டும் என்று பஸ்ஸில் சீட்டுப் போட்டான். அன்றைக்குத் தவசியின் தெருவிலேயே இஸ்திரிக்கடைக்காரரின் அம்மா இறந்துபோனாள். தவசி போகவில்லை, அவருக்குத் தெரியாது.

முந்திக்கு அது போதுமானதாக இருந்தது. இத்தனை வருஷத்தில் எந்தக் கேதத்தையும் விடாத மனிதர், சொந்தத் தெருவில் ஒரு கேதத்துக்கு வரவில்லை. வேறு எப்படி அர்த்தம் பண்ணுவது?

ஆஸ்பத்திரி கேன்டீனில் அரசி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவோடு பஸ்ஸில் வேலை பார்த்த பழைய டிரைவர் ஒருவர் போன் செய்தார். எடுத்ததும் அழுதார்.

“தாயி, இப்பத்தான் கேட்டேன். நீ அழுத அழுகையக் கேக்க முடியலையே தாயி. எப்ப எடுக்குறீங்க?”

“எதை?” என்றாள் அரசி.

அவள் ஊர்வாயைத் திறந்தாள். அவளுடைய குரல், அச்சு அசல் அவளுடைய குரல், “அப்பா போயிட்டாருங்க, என்னைய விட்டுட்டுப் போயிட்டாருங்க,” என்று மூச்சு வாங்கி அழுதுகொண்டிருந்தது. அம்மா செத்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. இட்லித் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு அவளுக்கு வந்த ஆத்திரத்தை எழுத எனக்கு வார்த்தை கிடையாது.

மறுப்புப் போட்டாள். மறுப்பை யார் பகிர்கிறார்கள்? சாவு ஊரைச் சுற்றி முடித்தபோது, மறுப்பு தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை.

தகவல் கேட்டதும் தவசி ஆஸ்பத்திரியில் இருக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வாசலில் பந்தல் போட்டாயிற்று. நாற்காலிகள் நிறைந்து, தெரு நிறைந்து, மாலைகள் திண்டுக்கல் பஸ்ஸின் கூரைச் சாமான்போலக் குவிந்திருந்தன. ஓசூரிலிருந்து பாதி வழியில் செய்தி கேட்டு வந்த ராசா வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பாவைப் பார்த்ததும் எழுந்திருக்க முடியாமல் அவர் காலைக் கட்டிக்கொண்டான்.

தவசி எல்லோரையும் பார்த்தார். மனிதர் கண்ணில் தண்ணீர்.

“இம்புட்டுப் பேராடா,” என்றார். “எனக்கா?”

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. ஆயுசு கெட்டி என்றார்கள், தோளைத் தட்டினார்கள். யாரோ காப்பி வாங்கி வந்தார்கள். அப்புறம் மெல்ல ஒரு சங்கடம் பரவியது. கடையை அடைத்துவிட்டு வந்தவர்கள், தேனியிலிருந்து கார் பிடித்து வந்தவர்கள், கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். வாங்கி வந்த மாலையை என்ன செய்வது? திரும்பக் கொண்டுபோக முடியாது, உயிரோடிருக்கிற மனிதரின் கழுத்தில் போடவும் முடியாது. வாசலிலேயே வைத்துவிட்டு எழுந்தார்கள். கேத வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. வந்த பழக்கத்தில் இவர்களும் சொல்லாமலே கிளம்பினார்கள்.

“டேய், சொல்லிட்டுப் போங்கடா,” என்று கூப்பிட்டார் தவசி. “நான் இருக்கேன்டா. போயிட்டு வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.”

சிலர் திரும்பிச் சிரித்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை. சொல்வதா வேண்டாமா என்று அவர்களுக்கும் தெரியவில்லை, பாவம்.

மறுநாள் அரசி கம்பெனியில் போய்ச் சத்தம் போட்டாள். காசிமாயன் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

“தப்புதான் தாயி. உங்கப்பா எனக்கும் அப்பா மாதிரி. ஆனா ஒண்ணு, கோவிச்சுக்காத. நம்ம தளத்துல இதுவரைக்கும் எந்தப் பக்கமும் இப்படி ஓடினதில்ல. செத்தவர் திரும்பி வந்தாருன்னு அதுக்கும் ஒரு பக்கம் போட்டா...”

“அண்ணே!”

“சரி, சரி. வேணாம்.”

நிஸார் அவளைத் தனியே கூப்பிட்டான்.

“அக்கா, ஊர்வாய்ல ஒரு விதி இருக்கு. ஒரு ஆளுக்கு ஒரு சாவுதான். தப்பாப் போச்சுன்னு நாம ஒத்துக்கிட்டா அப்பா பேரைப் பூட்டிருவாங்க. அதுக்கப்புறம் அவரு பேர்ல யாரு சாவுச் செய்தி போட்டாலும் பொய்யின்னு தடுத்துரும். உங்க குரல்ல யாருக்காச்சும் அப்படி ஒரு சேதி போனா, நீங்களே போன் போட்டுச் சொன்னாலும், கேக்குறவங்க போன்ல 'இது செயற்கைக் குரலாக இருக்கலாம்'னு எழுத்து வரும். பூட்டச் சொல்லவா?”

“சொல்லு.”

“ஒரு தடவை யோசிச்சு...”

“இதுல யோசிக்க என்ன இருக்கு நிஸார்? பூட்டு.”

அப்பாவைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

உடம்பு தேறியதும் தவசி பழையபடி கேதத்துக்குக் கிளம்பினார். ஆனால் அங்கே அவரைப் பார்த்தவர்களின் முகம் மாறிப்போயிருந்தது. துக்க வீட்டில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வயதான ஒரு அம்மாள், “நீங்க தவறிட்டதா வந்துச்சே,” என்று பயந்து எழுந்து நகர்ந்தாள். பாடைக்குத் தோள் கொடுக்கப் போனபோது அந்த வீட்டுப் பையன், “நீங்க வேணாம் பெரியப்பா, ஒரு மாதிரி இருக்கு,” என்று நாசூக்காக விலக்கிவிட்டான். சாவு ஒட்டிய மனிதரைத் தூக்கவிட யாருக்கும் மனசில்லை.

அதோடு நிறுத்திக்கொண்டார்.

“எல்லாருக்கும் ஒரு தடவைதான் பாப்பா,” என்றார் ஒரு நாள், சோற்றைப் பிசைந்தபடி. “என் தடவைய அந்த மிசினு செலவழிச்சிருச்சு. இனிமே யாரு வருவா?”

“வருவாங்கப்பா. ஏன் இப்படிப் பேசுறீங்க?”

அவர் உப்புப் போதவில்லை என்றார்.

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரத்தில், ஒரு காலையில் காப்பியை வாங்கி வைத்துக்கொண்டவர் குடிக்காமலே சாய்ந்துவிட்டார். நிஜமாக. டாக்டர் வந்து பார்த்துச் சொன்னார், பக்கத்து வீட்டு ஜோதி வந்து கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள்.

முந்திக்கு இந்த முறை ஒன்றும் தெரியவில்லை. பூட்டிய பெயரை அது பார்ப்பதில்லை.

அரசி போனை எடுத்தாள். முதலில் தம்பிக்கு.

“டேய் ராசா, அப்பா போயிட்டாருடா.”

அவன், “யாரு இது?” என்றான்.

“நாந்தாண்டா அக்கா!”

“போன்ல செயற்கைக் குரல்னு எழுத்து வருது. போன தடவையும் இப்படித்தான் அழுத.”

“அது நான் இல்லடா, இது நான்!”

“போன தடவையும் அக்கா குரல்தான். அந்த லீவுக்கு என்னைய வேலையை விட்டே எடுத்தாங்க, தெரியுமா? இந்தக் கம்பெனியிலயாவது நிம்மதியா இருக்க விடுங்கப்பா.” வைத்துவிட்டான்.

படம் அனுப்பினாள். படத்தை இப்போதெல்லாம் யார் நம்புகிறார்கள்? டிரைவருக்குப் போட்டாள், டிப்போ சங்கத்துக்குப் போட்டாள், சித்தப்பா வீட்டுக்குப் போட்டாள். “மறுபடியுமா?” என்று சிரித்தார் ஒருவர். “செத்தவங்கள வச்சு விளையாடாதீங்க,” என்று திட்டினார் ஒருவர். மற்றவர்கள் எடுக்கவே இல்லை. தெருவில் பாதிப் பேர் புதிதாக வாடகைக்கு வந்தவர்கள், தவசியைத் தெரியாது. மீதிப் பேர் வந்தார்கள், முக்கால்வாசி வயதானவர்கள். தோள் கொடுக்கிற வயதில் நாலு பேர் தேறவில்லை.

“பூட்டை எடு நிஸார்,” என்றாள் போனில். நிஸாருடைய போனிலும் அந்த எழுத்து வந்திருக்கும், ஆனால் அவனுக்கு விஷயம் தெரியும்.

“எழுதிக் கேட்டிருக்கேன்க்கா. இறப்புச் சான்றிதழ் கேக்குறாங்க. பார்த்து எடுக்க ஒரு வாரம் ஆகுமாம்.”

“ஒரு வாரம் அப்பாவ வீட்டுல வச்சுருக்கச் சொல்றியா?”

அவன் அழுதான்.

ஜோதி மெதுவாக வந்து, “அமரர் ஊர்தி சொல்லிரலாமா அக்கா? வெயில் ஏறுது,” என்றாள்.

“வண்டி வேணாம்,” என்றாள் அரசி.

அவள் உள்ளறைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தாள். முந்தி எந்த அடையாளத்துக்கும் காத்திராமல் ஒரு பக்கத்தை உடனே வெளியிடும் அதிகாரம் கம்பெனியில் இரண்டு பேருக்கு மட்டும் இருந்தது, அதில் ஒருத்தி அவள். பெயர் என்ற இடத்தில் அரசி என்று போட்டாள். வயது, முகவரி. படத்துக்குக் கம்பெனி அடையாள அட்டையில் இருந்த படமே போதும். முந்தி ஒரு நொடி யோசித்தது. மிக நெருங்கிய சொந்தம், மிக நம்பிக்கையான குரல் என்று ஒரு பெயரைத் தானே கொண்டுவந்து நிறுத்தியது. தவசி.

ஊர்வாயைப் பொறுத்தவரை தவசி சாகவில்லை. சாக முடியாதபடி அவரைப் பூட்டியது அவள்தான்.

அனுப்புவதற்கு முன்னால் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு பொத்தான் இருந்தது. அதைத் தொட்டாள். பக்கத்து அறையில் கால் விரல் கட்டப்பட்டுக் கிடந்த அப்பா, தொண்டை கரகரக்கப் பேசினார்.

“எம் மக போயிட்டாப்பா. அரசி போயிட்டா. நான் ஒத்தையில நிக்கிறேன். யாராச்சும் வாங்கப்பா, வந்து தூக்கிக் குடுங்கப்பா.”

காலையிலிருந்து அழாத அரசி அப்போது அழுதாள். தன் சாவுக்கு அப்பா இப்படி உடைந்துபோவார் என்று கேட்கக் கொடுத்துவைத்த மகள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். அழுதுகொண்டே அனுப்பினாள்.

ஊர் வந்தது. முதலில் தெருமுனை ஆட்டோக்காரர்கள், பிறகு டிப்போ ஆட்கள், பிறகு வேன் வேனாகச் சொந்தக்காரர்கள். தவசி கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? எத்தனை வீட்டுக்குத் தோள் கொடுத்தவர்! ராசா ஓசூரில் கிடைத்த காரை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். பந்தலுக்குள் ஓடி வந்தவன் வாசலில் நின்ற அக்காவைப் பார்த்து, “அக்கா! நீ இருக்கியா! இருக்கியாக்கா!” என்று கட்டிப்பிடித்துச் சிரித்தான், அழுதான். அவள் தோளுக்கு மேலாக ஐஸ் பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்ததும் அவன் கை மெல்ல விலகியது.

பெரிய ரோசாமாலையோடு வந்த காசிமாயனுக்கு நிஜமாகவே முகம் வீங்கியிருந்தது. அரசியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

“மன்னிச்சுக்கங்க,” என்று அரசி எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். “அப்பா சாவச் சொன்னேன், யாரும் நம்பல. என் சாவச் சொன்னாத்தான் வருவீங்கன்னு தோணுச்சு. அவருக்குத் தோள்ல போகணும்னு ஆசை. தூக்கிக் குடுங்க.”

சிலருக்குக் கோபம் வந்தது. “குடும்பத்துக்கே இதே பொழப்பாப் போச்சு,” என்று ஒருவர் மாலையைப் போட்டுவிட்டுப் போனார். அவர் பின்னால் பத்துப் பதினைந்து பேர் போனார்கள். ஆனால் அந்தப் பழைய டிரைவர் தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். தவசியை விலக்கிய அந்தப் பையன் வந்தான், யார் முகத்தையும் பார்க்கவில்லை. போதுமான பேர் சேர்ந்தார்கள். ஆள் மாற்றி ஆள் மாற்றித் தத்தனேரிவரை தூக்கினார்கள். செல்லூர் திரளவில்லை. ஆனால் வண்டியில் போகவில்லை.

தூக்கிய கையோடு எல்லோரும் கலைந்தார்கள். யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. காசிமாயன் மட்டும் ஒரு ஓரமாக நின்று, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“தாயி, உன் பக்கத்த உடனே எடுத்துராத. நாளைக்கு வரைக்கும் இருக்கட்டும். அது பாட்டுக்கு ஓடுது.”

அவள் பக்கம் எடுக்கப்பட்டபோது அவள் பெயரும் பூட்டப்பட்டது. மாலைக்கடையில் பாக்கி கொடுக்கப் போன் செய்து பெயரைச் சொன்னாள். செயற்கைக் குரல் என்று வைத்துவிட்டார்கள். வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டாள். அதுவும் பெரிய விஷயமில்லை, செத்தவள் பெயரில் அவர்கள் ஏற்கெனவே கணக்கை மூடியிருந்தார்கள்.

காரியம் முடிந்து ராசாவும் ஓசூருக்குப் போன பிறகு அலமாரியில் கிடந்த அப்பாவின் போன் அடித்தது. காதில் விழத் தாமதமான யாரோ. கம்பத்திலிருந்து, அவரோடு டிக்கெட் கிழித்த ஒரு பழைய கண்டக்டர்.

“தவசி, இன்னைக்குத்தாய்யா கேட்டேன். உன் குரலக் கேட்டதும் ஆடிப்போயிட்டேன். மகளப் பறிகொடுத்துட்டு எப்படிய்யா இருக்க?”

“நான் மகதான் பேசுறேன்,” என்றாள் அரசி. “நான் இருக்கேன். அப்பாதான் போயிட்டாரு.”

அந்தக் குரல் வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னது. “செத்த புள்ள குரலையும் விட்டுவைக்க மாட்டேங்குதே இந்தச் சனியன் பிடிச்ச மிசினு.” தொடர்பு அறுந்தது.

போனைக் கீழே வைப்பதற்குள் மறுபடி அடித்தது. இந்த முறை ஒரு பெண் குரல்.

“தவசியண்ணே இருக்காருங்களா?”

அரசி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“இருக்காருங்க,” என்றாள். “மக போன துக்கத்துல இருக்காரு. யாரு கூடயும் பேசுறதில்ல.”

“பாவம், தாங்குவாரா அந்த மனுசன்! நாங்க எல்லாரும் இருக்கோம்னு சொல்லுங்க. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போறோம்னு சொல்லுங்க.”

“சொல்றேங்க,” என்றாள் அரசி.